காட்டுக்கு ராஜா யார்?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய தினம் "மிருகங்களிடத்தில் தலைமை" என்னும் விஷயமாய்ப் பேச வேண்டுமென்று இவ்வாசகசாலையின் நிர்வாகிகள் என்னைக் கேட்டுக் கொண்டார்கள். இந்த விஷயத்தை ஏன் பொறுக்கினீர்கள் என்று கேட்டேன். அதற்கு அவர்கள் சொன்ன சமாதானம் என்னவென்றால், சில நாளைக்கு முன் இங்கு வாலிபர்கள் கூடி வாதம் செய்துகொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் வந்து, "மிருகங்களைப் பாருங்கள்! அவற்றில்கூட ஒன்று ஆளுகிறது, மற்றவை அடங்கி நடக்கின்றன. அப்படியிருக்க, மனிதரில் சிலர் ஆளப் பிறந்ததும் பலர் அடங்கப் பிறந்ததும் இயற்கைதானே?" என்று கேட்டாராம். வாலிபர்களுக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லையாம்.

அந்தப் பெரியவர் இக்கூட்டத்திற்கு வந்திருக்கிறாரோ என்னவோ, எனக்குத் தெரியாது. வந்திருந்தால் அவருக்கு என் வந்தனம். அவர் கேட்டது அலட்சியமாய்த் தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல. முகத்திலிருந்து ஒருவனும் காலிலிருந்து ஒருவனும் பிறந்தான் என்கின்ற கதையைக் கேட்டால் இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சிரிக்கிறார்கள். ஆகவே அந்தக் கதையினால் பிழைத்து வந்த புத்தி வேறொரு வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது. "கடவுள் கட்டளை" என்று சொன்ன இடத்தில் "இயற்கையின் கட்டளை" என்று சொல்லுகிறது. புராணத்தைக் காட்டிய கையினால் மிருகக்காட்சிச் சாலையைக் காட்டுகிறது. புராணத்தை நம்மால் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் மிருகத்தைச் சோதித்துப் பார்க்கலாமல்லவா? பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபது வருஷம் முப்பது வருஷம் காட்டிலேயே கிடந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் என்ன கண்டார்கள் என்பதில் எனக்குத் தெரிந்த மட்டும் சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் சிங்கத்தை எடுத்துக் கொள்ளுவோம். "சிங்கம் காட்டுக்கு ராஜா" என்பது நாம் குழந்தைப் பருவத்தில் படித்த முதல் அரசியல் பாடம். முதலாவது சங்கதி, சிங்கங்களில் பெரும்பாலானவை அடர்ந்த காட்டில் வசிப்பதே இல்லை. ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில் வசிக்கின்றன. நம் தேசத்தில் குஜராத்திலுள்ள கிர் என்னும் காட்டைச் சுற்றித்தான் அவை மிச்சமிருக்கின்றன. இரண்டாவது, சிங்கக் கூட்டம் என்பது தாயும், மகளும், அக்காளும், தங்கையும் சேர்ந்த ஒரு பெண்கள் குடும்பம். பிடரி மயிரோடு படத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அந்த ஆண் சிங்கம் வெளியூரிலிருந்து வந்து சேர்ந்தவர். சாதாரணமாய் இரண்டு மூன்று வருஷம் இருப்பார். பிறகு அவரைவிடப் பலசாலிகள் வந்து துரத்திவிடுவார்கள். புதிதாய் வந்தவர்கள் முதலில் செய்யும் திருப்பணி, பழையவருக்குப் பிறந்த குட்டிகளைக் கொல்லுவது.

ஹான்ஸ் க்ரூக் என்பவர் தான்சானியா தேசத்தில் கழுதைப்புலிகளை இரவெல்லாம் பின்தொடர்ந்து பார்த்து 1972-ம் வருஷத்தில் ஒரு புத்தகம் எழுதினார். அதுவரையில் ஜனங்கள் எண்ணிக்கொண்டிருந்தது என்ன? சிங்கம் வேட்டையாடும், கழுதைப்புலி பக்கத்தில் நின்று எச்சிலுக்குக் காத்திருக்கும் என்பது. காலையில் போய்ப் பார்த்தால் காட்சியும் அப்படித்தான் இருக்கும். ஆனால் இரவில் நடந்தது என்னவென்றால், நிகொரொங்கொரோ என்னும் பள்ளத்தாக்கில் பல சமயங்களில் வேட்டையாடினவை கழுதைப்புலிகள். சத்தம் கேட்டு வந்து அடித்துத் துரத்திவிட்டுத் தின்றவர் சிங்கராஜா. பாடுபட்டவன் பக்கத்தில் நின்று பார்க்க, பாடுபடாதவன் உட்கார்ந்து சாப்பிடுவதனால் அவருக்கு ராஜா என்று பெயர் வைத்தது ஒருவிதத்தில் பொருத்தம் என்றே சொல்லலாம்.

இந்தப் பட்டம் சிங்கத்திற்கு எப்படி வந்தது? பஞ்சதந்திரக் கதையில் சிங்கம் அரசன், நரி மந்திரி, எருது சிநேகிதன். அந்தக் கதையை எழுதினவர் கண்டது காட்டையல்ல, அரண்மனையை. அரண்மனையில் கண்டதை நேராகச் சொன்னால் தலை போய்விடுமென்றோ, அல்லது பிள்ளைகளுக்கு ருசிக்காதென்றோ மிருகத்தின் மேல் ஏற்றிச் சொன்னார். அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் பின்னால் வந்தவர்கள் செய்த காரியத்தைப் பாருங்கள். மனிதன் தன் ராஜாவை மிருகத்திற்கு மாட்டிவிட்டான். பிறகு, "மிருகத்திற்கும் ராஜா இருக்கிறது, ஆகவே நமக்கும் ராஜா வேண்டும்" என்றான். தன் சட்டையைத் தானே கொடியில் காயப் போட்டுவிட்டு, "அதோ, கொடியும் சட்டை போடுகிறது" என்று சொல்லுவது போன்றது இது.

இதற்குத் தேனீயைவிட நல்ல அத்தாட்சி வேறில்லை. தேன் கூட்டில் மற்ற ஈக்களைவிட நீளமாய் ஒரே ஒரு ஈ இருப்பதை மனிதன் வெகு காலத்திற்கு முன்பே பார்த்துவிட்டான். பார்த்தவுடன் அதற்கு "ராஜா" என்று பெயரிட்டான். அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து சுமார் இரண்டாயிரம் வருஷம் ஐரோப்பாவில் அது பெரும்பாலும் ராஜாவாகவே இருந்தது. அது முட்டையிடுகிறது என்று சிலர் சொல்லியும் படித்தவர்கள் காதில் ஏறவில்லை. ராஜா எங்கேயாவது முட்டையிடுவாரா? 1609-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் சார்லஸ் பட்லர் என்கின்ற ஒரு பாதிரியார்தான், அது பெண், ஆகவே ராணி என்று ஒரு புத்தகம் முழுவதும் எழுதினார். அந்தத் தேசத்தை எலிசபெத் என்னும் ராணி நாற்பத்து நாலு வருஷம் ஆண்டு முடித்து அப்போது ஆறு வருஷந்தான் ஆகியிருந்தது என்பதையும் கவனியுங்கள். பிறகு அதே நூற்றாண்டில் ஸ்வாமர்டாம் என்கின்ற டச்சுக்காரர் பூதக் கண்ணாடி வைத்து அதை அறுத்துப் பார்த்து, உள்ளே முட்டைப் பை இருப்பதை ருசுப்படுத்தினார்.

சரி, ராணியாகவாவது இருக்கட்டும், ராணி ஆளுகிறாளா? இதைக் கொஞ்சம் விரிவாய்ச் சொல்ல எனக்கு உத்தரவு கொடுக்க வேண்டும். ஏனெனில் இதுபோன்ற ரசமான சங்கதி எனக்குத் தெரிந்து வேறில்லை.

கூட்டில் ஈக்கள் பெருகி இடம் போதாமல் போனால், பழைய ராணியும் பாதிக்கு மேற்பட்ட ஈக்களும் வீட்டைப் புதிய ராணிக்கு விட்டுவிட்டு வெளியேறும். அப்படிப் புறப்படுவதற்கு முன் வேலைக்கார ஈக்கள் ராணிக்குத் தீனியைக் குறைத்து, பிடித்து உலுக்கி, அவள் உடம்பை இளைக்கச் செய்கின்றன. இல்லாவிட்டால் பறக்க முடியாதல்லவா? பட்டினி போட்டு அழைத்துப் போகப்படும் ராணி என்ன ராணியோ தெரியவில்லை. வெளியேறிய கூட்டம் ஒரு மரக்கிளையில் தாடிபோல் தொங்கும். இதை நம் கிராமங்களில் பார்க்காதவர் கிடையாது. சுமார் பதினாயிரம் ஈக்களுக்கு இப்போது வீடில்லை. எங்கே போவது என்று தீர்மானிக்க வேண்டும். தப்பான பொந்தில் குடியேறினால் குளிர் காலத்தில் கூட்டமே செத்துப் போகும்.

1949-ம் வருஷத்தில், சண்டையில் குண்டு விழுந்து இடிந்து கிடந்த மியூனிக் நகரத்தில் மார்ட்டின் லிண்டவர் என்பவர் இப்படித் தொங்கிய ஒரு கூட்டத்தைக் கவனித்தார். அதன்மேல் சில ஈக்கள் நடனமாடிக் கொண்டிருந்தன. பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் நடனத்தினால் ஒரு ஈ மற்ற ஈக்களுக்குச் சொல்லுகிறது என்பதை அவருடைய ஆசிரியர் கார்ல் வான் பிரிஷ் முன்பே கண்டுபிடித்திருந்தார். (அதற்காக அவருக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது.) ஆனால் பூவுக்குப் போய்வந்த ஈயின் மேல் மகரந்தம் இருக்க வேண்டுமே! இவற்றின் மேல் புகைக்கரியும் செங்கல் தூளும் ஒட்டியிருந்தன. லிண்டவர் யோசித்தார். இவை தேனுக்குப் போகவில்லை, வீடு பார்க்கப் போய்வந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டார்.

அதன்பின் அமெரிக்காவில் தாமஸ் சீலி என்பவர் பல வருஷம் இதையே ஆராய்ந்தார். மெய்ன் மாகாணத்துக் கடலில் மரமே இல்லாத ஒரு தீவுக்குத் தேனீக்களைக் கொண்டுபோய், தாம் வைக்கும் பெட்டிகளைத் தவிர வேறு போக்கிடமில்லாமல் செய்து பார்த்தார். அவர் கண்ட கிரமம் இது. பதினாயிரத்தில் சில நூறு ஈக்கள், அதிலும் வயதும் அனுபவமும் உள்ளவை, நாலா பக்கமும் போய் இடம் பார்க்கின்றன. இடம் நல்லதாயிருந்தால் திரும்பி வந்து வெகு நேரம் ஆடுகின்றன. சுமாராயிருந்தால் கொஞ்ச நேரம் ஆடுகின்றன. ஆட்டத்தைக் கண்ட மற்றொரு ஈ என்ன செய்கிறது? "பெரியவர் ஆடிவிட்டார், சரியாய்த்தான் இருக்கும்" என்று தானும் ஆடத் தொடங்குவதில்லை. அந்த இடத்திற்குத் தானே பறந்து போகிறது. உள்ளே நுழைந்து நடந்து அளந்து பார்க்கிறது. தனக்கும் சரியென்று பட்டால்தான் திரும்பி வந்து ஆடுகிறது.

தோழர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மனிதரில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம்? வேதத்தில் இருக்கிறது என்பான். வேதத்தைப் பார்த்தாயா என்றால், பார்த்தவர் சொன்னார் என்பான். அவர் பார்த்தாரா என்றால், அவருக்கு அவருடைய குரு சொன்னார் என்பான். குருவுக்குக் குரு ஒருவராவது பொந்துக்குள் நுழைந்து பார்த்திருக்க வேண்டாமா?

இன்னொரு விசேஷமும் உண்டு. ஒவ்வொரு ஈயும் போகப் போகத் தன் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்திவிடுகிறது. தன் இடந்தான் ஜெயிக்க வேண்டுமென்று சாகும் வரை பிடிவாதம் பிடிப்பதில்லை. ஆகவே பழைய அபிப்பிராயம் தானாய் வற்றிப் போகிறது. நல்ல இடத்திற்குப் புதிது புதிதாய்ச் சாட்சிகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஏதாவது ஒரு பொந்தில் ஒரே சமயத்தில் இருபது முப்பது ஈக்கள் சேர்ந்துவிட்டால் அதுதான் தீர்ப்பு. கூட்டம் முழுவதும் கிளம்பிவிடும். இவ்வளவு விவகாரமும் நடக்கும்போது ராணி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பீர்கள். கூட்டத்தின் நடுவில் சும்மா இருந்தாள். எங்கே போகிறோம் என்பதில் அவளுக்கு ஒரு ஓட்டுகூடக் கிடையாது.

நாலு சுமாரான பெட்டியும் ஒரு நல்ல பெட்டியுமாக வைத்து சீலி சோதித்ததில், ஐந்து தடவையில் நாலு தடவை ஈக்கள் நல்ல பெட்டியையே பிடித்தன. ஒரு தடவை தவறிவிட்டன. தவறவே தவறாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுவது புரோகிதன் தொழில்.

ராணிப் பட்டமாவது பிறவியில் வருகிறதா என்றால் அதுவும் இல்லை. ராணி ஆகும் முட்டையும் வேலைக்காரி ஆகும் முட்டையும் ஒரே முட்டை. எந்தப் புழுவைப் பெரிய அறையில் வைத்து விசேஷத் தீனியைக் கடைசி வரை ஊட்டுகிறார்களோ அது ராணி. மூன்று நாளைக்குப் பின் சாதாரணத் தீனிக்கு மாற்றப்பட்டது வேலைக்காரி. வேலைக்காரியாகப் போகும் இளம் புழுவை எடுத்து ராணி அறையில் வைத்து ராணியாக்குவது தேனீ வளர்ப்போர் தினமும் செய்கிற தொழில். இதைப் பார்த்த பிறகும் "பிறவிக் குணம்" என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தேன் பெட்டி வாங்கிக் கொடுக்கலாம்.

நிற்க. இப்போது வாலிபர்களிடையே "ஆல்பா" என்று ஒரு சொல் அடிபடுகிறது. அதாவது ஓநாய்க் கூட்டத்தில் சண்டை போட்டு எல்லாரையும் அடக்கி மேலே வருகிற ஆண் ஒன்று உண்டாம். அதற்கு ஆல்பா என்று பெயராம். மனிதரிலும் ஆண்பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம். இதைச் சொல்லிக் காசு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இதன் பிறப்பு வளர்ப்பைக் கேளுங்கள்.

1947-ம் வருஷத்தில் ருடால்ப் ஷெங்கல் என்பவர், சுவிட்ஜர்லாந்தில் பாசல் நகரத்து மிருகக்காட்சிச் சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரு சிறிய அடைப்பில் போட்டு வைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. சண்டை நடந்தது, மேல் கீழ் ஏற்பட்டது. அதைக் கண்டு அவர் எழுதினார். ஜெயிலுக்குள் கைதிகள் நடந்து கொள்வதைப் பார்த்துவிட்டு, குடும்ப வாழ்க்கை இதுதான் என்று எழுதினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இது. பிறகு 1970-ல் டேவிட் மெக் என்கின்ற அமெரிக்க விஞ்ஞானி ஓநாயைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதியபோது இந்த ஆல்பாவையும் அதில் சேர்த்தார். புத்தகம் வெகுவாய் விலை போயிற்று. ஆல்பாவும் ஊர் ஊராய்ப் பரவிற்று.

அதே மெக் என்பவர் 1986 முதல் வட துருவத்திற்குப் பக்கத்தில் எல்ஸ்மியர் என்னும் தீவுக்குப் போய், கோடைக்குக் கோடை, சுயேச்சையாய்த் திரியும் ஓநாய்களோடு கிடந்தார். அங்கே அவர் கண்டது என்ன? ஓநாய்க் கூட்டம் என்பது அப்பன், ஆத்தாள், இந்த வருஷத்துக் குட்டிகள், போன வருஷத்துக் குட்டிகள். அவ்வளவுதான். "ஆல்பா" என்று சொன்னது தகப்பனை. அவன் சண்டை போட்டு அந்தப் பதவியை ஜெயிக்கவில்லை. பிள்ளை பெற்றதனால் அந்தப் பதவி வந்தது. பிள்ளைகள் வளர்ந்தால் வீட்டை விட்டுப் போய் ஜோடி தேடிக்கொண்டு தாங்களும் குடும்பம் நடத்துகின்றன. இதை 1999-ல் அவர் பகிரங்கமாய் எழுதினார். தாம் எழுதிய பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாமென்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டே இருந்து, 2022-ல் அது நின்று போயிற்று. விலை போகிற புத்தகத்தை ஆசிரியரே நிறுத்தச் சொல்லுவது எங்காவது உண்டா? அதில் தாம் எழுதியது நிஜமல்லவென்று கண்டார், நிறுத்தச் சொன்னார். மனுவின் பேரால் உள்ள புத்தகத்தைத் திருத்த ஆள் இல்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

"ஓநாய் போகட்டும், கோழியில் இல்லையா?" என்று கேட்கலாம். உண்டு. நார்வே தேசத்து ஷெல்டரப் எப்பே என்பவர் சிறு பையனாயிருந்த காலத்திலிருந்தே கோழிகளைக் கவனித்து, எது எதைக் கொத்தும், எது எதற்குக் கொத்தக் கொடுக்கும் என்று ஒரு வரிசை இருப்பதைக் கண்டு 1920-க்குப் பின் எழுதினார். ஆனால் முதல் கோழி யாருக்கும் வழிகாட்டுகிறதா? இல்லை. முதலில் தின்கிறது, அவ்வளவுதான். ஆகவே, மேலே இருப்பது வேறு, வழிகாட்டுவது வேறு. நம் ஜனங்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதினால்தான்.

இது வெறும் வார்த்தையல்ல. கென்யா தேசத்தில் ஒரு பபூன் கூட்டத்தில் (நம் நாடகத்துப் பபூன் அல்ல, ஆப்பிரிக்காக் குரங்கு) இருபத்தைந்து குரங்குகளின் கழுத்தில், இருக்கும் இடத்தை வினாடிக்கு வினாடி குறிக்கும் கருவியைக் கட்டிப் பார்த்தார்கள். முடிவு 2015-ல் வெளியாயிற்று. எந்தப் பக்கம் போவது என்பதைப் பலசாலியான ஆண் தீர்மானிக்கவில்லை. யார் வேண்டுமானாலும் புறப்பட்டுப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் சற்றே வித்தியாசமானால் நடுவே போகின்றன. அதிக வித்தியாசமானால் எந்தப் பக்கம் அதிகப் பேர் கிளம்புகிறார்களோ அந்தப் பக்கம் போகின்றன. அடிப்பதில் முதல்வன் நடப்பதில் முதல்வன் அல்ல.

ஆனால் நமக்குச் சாதகமானதை மாத்திரம் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நியாயமல்ல. நமீபியா தேசத்தில் வேறு ஜாதிப் பபூன் குரங்குகளுக்கு, ஒரு சிறு இடத்தில் தீனியைப் போட்டு வைத்துச் சோதித்தார்கள். அது 2008-ல் வெளிவந்தது. அங்கே பெரிய ஆண் முன்னே நடந்தது. கூட்டம் பின்னே போயிற்று. போய்ச் சேர்ந்ததும் பெரிய ஆண்தான் அதிகமாய்த் தின்றது. பின்னால் போனவற்றிற்குக் கிடைத்தது கொஞ்சம். பல குரங்குகளுக்கு வேறு இடத்தில் சொந்தமாய்த் தேடியிருந்தால் அதிகம் கிடைத்திருக்கும். அப்படியிருந்தும் பின்னே போயின. அவற்றிலும் எவை ஒட்டிக்கொண்டு போயின என்று பார்த்தால், பெரியவரோடு நெருங்கிப் பழகிப் பேன் பார்த்து விடுகிறவை. இதற்கு நான் வியாக்கியானம் ஏதும் செய்யப் போவதில்லை. தேர்தல் சமயத்தில் தெருவில் நின்று பார்த்தவர்களுக்கு அது வேண்டியதுமில்லை.

வழிகாட்டுகிற தலைமை என்றால் என்ன என்பதற்கு யானையைச் சொல்ல வேண்டும். கூட்டத்திற்கு முன்னால் கொம்பன் நடப்பதுபோல் படம் போடுகிறோம். உண்மையில் யானைக் குடும்பம் தாய், மகள், பேத்தி ஆகியோர் சேர்ந்தது. ஆண் வயதுக்கு வந்தால் குடும்பத்தை விட்டுப் போய்விடுகிறது. ஆப்பிரிக்காவில் குடும்பத்தை நடத்துவது வயதான பெண் யானை. அவளுக்குத் தலைமை எதனால் வந்தது? தந்தத்தினாலா? கென்யாவில் அம்போசெலி என்னும் இடத்தில் காரன் மக்கோம்ப் என்பவரும் அவர் கூட்டாளிகளும் யானைகளின் குரலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டினார்கள். பழகிய குரல் எது, அன்னியக் குரல் எது என்று பகுத்தறிவதில் வயதான தலைவியுள்ள குடும்பங்கள் சிறந்திருந்தன. அவற்றில் குட்டிகளும் அதிகம். இது 2001-ல் வந்தது. 2011-ல் சிங்கத்தின் கர்ஜனையைப் போட்டுக் காட்டினார்கள். குட்டிக்கு அதிக ஆபத்து ஆண் சிங்கத்தினால்தான். அந்தக் குரலைப் பிரித்தறிந்து குடும்பத்தைச் சேர்த்து நிறுத்துவதில் கிழவிகளுக்கே சாமர்த்தியம் அதிகம்.

தான்சானியாவில் தரங்கீரி என்னும் இடத்தில் 1993-ல் கொடிய பஞ்சம் வந்தது. சுமார் ஒன்பது மாதத்தில் அங்கே 81 குட்டிகளில் 16 செத்துப்போயின. சில குடும்பங்கள் அந்த எல்லையை விட்டு வெளியே நீரும் தழையும் தேடிப் போய்விட்டன. அவற்றில் சாவு குறைவு. வயதான தாய்மார்களின் குட்டிகளும் அதிகமாய்ப் பிழைத்தன. அதற்கு முன் அப்படிப்பட்ட பஞ்சம் வந்தது 1958-க்கும் 1961-க்கும் மத்தியில். அதை நேரில் கண்ட கிழவிகளுக்கு எங்கே போவதென்று ஞாபகமிருந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சி செய்தவர்களின் அபிப்பிராயம். தந்தத்திற்காகக் கிழ யானைகளைச் சுட்டுத் தள்ளுகிறவன் ஒரு யானையை மாத்திரம் கொல்லவில்லை என்பதையும் இதிலிருந்து யோசித்துக் கொள்ளுங்கள்.

இனி, அந்தப் பெரியவருக்கு உதவக்கூடிய மிருகம் ஒன்று இருக்கிறது. அதை நானே எடுத்துக் கொடுக்கிறேன். முன்னே சொன்ன கழுதைப்புலிதான் அது. அதில் பரம்பரைப் பதவி உண்டு! மேல் நிலையிலுள்ள தாயின் மகள், தாய்க்கு அடுத்தபடியாய் மேலே வருகிறாள். அவள் குட்டி முதலில் தின்கிறது, சீக்கிரம் வளருகிறது. கீழ் நிலையிலுள்ள தாயின் குட்டி, எவ்வளவு பெரிதாயிருந்தாலும், ஒதுங்கி நிற்கிறது. இதைப் பார்த்தால் நம் அக்கிரகாரமும் சேரியும் ஞாபகத்திற்கு வராமல் போகாது. "பார்த்தீர்களா, இயற்கை!" என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் அது எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தார்கள். செரெங்கெட்டியில் அபூர்வமாய்ச் சில குட்டிகளை வேறு தாய் எடுத்து வளர்ப்பது உண்டு. இரத்தத்தில் பதவி இருந்தால், அந்தக் குட்டி பெற்றவளுடைய நிலைக்குத்தானே வரவேண்டும்? வரவில்லை. வளர்த்தவளுடைய நிலைக்கே வந்தது. இது 2009-ல் வெளியாயிற்று. தாய் ஒவ்வொரு சண்டையிலும் குட்டியின் பக்கம் வந்து நிற்கிறாள். அதனால் மற்றவை குட்டிக்குப் பயப்படக் கற்றுக் கொள்ளுகின்றன. குட்டியும் பயப்படாமல் இருக்கக் கற்றுக் கொள்ளுகிறது. நிகொரொங்கொரோவில் பல வருஷக் கணக்கை வைத்து 2018-ல் இன்னொன்றும் சொன்னார்கள். இரண்டு கழுதைப்புலிகள் எதிர்ப்பட்டால் எது ஜெயிக்கும்? உடம்பு பெரியதா? பெண்ணா, ஆணா? அதெல்லாம் அல்ல. எதற்குத் துணைக்கு வரக்கூடியவர்கள் அதிகமோ அது ஜெயிக்கிறது. பிறவியினால் வந்தது என்று தோன்றுகிற பதவியின் அடியில் தோண்டிப் பார்த்தால், அங்கே இருப்பது பக்கத்தில் நிற்கிற ஆள் பலம்.

கடைசியாய் ஒன்று. நான் இவ்வளவு சொன்னதனால், "ஆகவே தேனீயைப்போல் நடவுங்கள்" என்று உங்களுக்கு உபதேசம் செய்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். தேனீக் கூட்டத்தில் எல்லாருக்கும் ஒரே வீடு, ஒரே நஷ்டம், ஒரே லாபம். பண்ணையாருக்கும் பண்ணையாளுக்கும் அப்படி இருக்கிறதா? ஒரே நன்மையும் தீமையும் உள்ளவர்கள் கூடித் தீர்மானிப்பது சுலபம். இல்லாதவர்களுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். அதைத் தேனீ சொல்லாது. சிங்கம் குட்டியைக் கொல்லுகிறது. அதற்காக நாமும் மாற்றான் பிள்ளையைக் கொல்லலாமா? மிருகம் செய்கிறது என்பது ஒரு காரியத்தைச் சரியாக்குவதுமில்லை, தப்பாக்குவதுமில்லை. பெரியவர் இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். நானும் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன். தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்.

தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார். கேள்விச் சீட்டு இரண்டு வந்திருக்கிறது. அவற்றிற்குப் பதில் சொல்லிவிட்டு உட்காருகிறேன்.

ஒரு தோழர், "எறும்பில் ராஜா உண்டா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. முட்டையிடுகிற பெண் எறும்புக்கு ராணி என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆண் எறும்பு சிறகு முளைத்துப் பறந்து ஒரு தடவை கூடிவிட்டுச் செத்துப் போகிறது.

மற்றொரு தோழர், "கறையானில் ராஜாவே உண்டென்று படித்தேன், அதை ஏன் மறைத்தீர்?" என்று எழுதியிருக்கிறார். மறைக்கவில்லை, நேரமில்லை. உண்டு. புற்றுக்குள் ஒரு மண் அறையில் ராணியோடு அவரும் அடைபட்டுக் கிடக்கிறார். வேலைக்காரக் கறையான்கள் தீனி கொண்டுவந்து ஊட்டுகின்றன. அவர் உத்தரவு ஒன்றும் போடுவதில்லை, வெளியே வருவதுமில்லை. ராணி முட்டையிடுவதற்கு வேண்டியதைச் செய்துகொண்டு வருஷக் கணக்காய் அங்கேயே இருக்கிறார்.